வீட்டு மடிக்கணினியில் ஒரு கும்மிப்பாட்டு

பள்ளி ஆண்டு விழாவில் ஆறாம் வகுப்பு மாணவிகள் கும்மி ஆடுவதாக முடிவானது. பாட்டு அவர்களுடையது, ஒரு மாணவியின் பாட்டி சொல்லிக்கொடுத்தது. எனக்குக் கீபோர்டு கொஞ்சம் வாசிக்கத் தெரியும் என்பதால் பின்னணி இசை அமைக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். இரண்டு இரவுகள் வீட்டில் மடிக்கணினியின் முன் உட்கார்ந்து, தவில், குழல், ஜால்ரா என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பென்டிரைவில் எடுத்துப்போனேன். பிள்ளைகளால் அதற்குப் பாட முடியவில்லை. முன்பாட்டுப் பாடும் மாணவி இரண்டாவது கண்ணியிலேயே நிறுத்திவிட்டாள். “சார், அது பாட்டுக்கு ஓடிடுது. அது பின்னாடியே ஓடினா எனக்குப் பாட்டு மறந்துபோகுது” என்றாள். மறுநாள், தான் ஆட மட்டும் செய்வதாகவும் பாடுவதற்கு வேறு யாரையாவது போடும்படியும் கேட்டாள்.

குறை அவளிடம் இல்லை. இசைத் தயாரிப்பு மென்பொருள்கள் பலவும் திறந்தவுடன் நிமிடத்துக்கு 120 தட்டு, நான்கு தட்டுக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் தயாராக நிற்கும். எங்கள் கும்மி மூன்று மூன்றாக நடப்பது. அதை மட்டும் நான் மாற்றியிருந்தேன். வேகம் முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீராக இருந்தது. பிள்ளைகளோ குனிந்து நிமிரும் இடத்தில் சற்றுத் தாமதிப்பார்கள், கடைசிச் சுற்றில் வேகம் பிடிப்பார்கள். அந்தத் தாமதமும் வேகமும்தான் கும்மி. நான் அதைத் துடைத்து எடுத்துவிட்டு, மிச்சத்துக்குப் பாடச் சொல்லியிருக்கிறேன்.

அதன் பிறகு வேலையின் வரிசையைத் தலைகீழாக்கினேன். முதலில் பிள்ளைகளின் கைத்தட்டும் குரலும். பின்னணி அதற்குப் பிறகு. இந்த வரிசை உறுதியானால் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதும் எளிதாகிவிடுகிறது. மூன்றே கேள்விகள்: பள்ளியில் உள்ள கணினியிலும் அது இயங்குமா? ஒரு குரலைக் கேட்டுக்கொண்டே இன்னொரு குரலைப் பதிவு செய்ய முடியுமா? தாளக் கட்டத்தை அணைத்துவிட்டுப் பதிவு செய்ய முடியுமா?

மூன்றுக்கும் ‘ஆம்’ என்று சொல்லும் இலவச மென்பொருள் ஆடாசிட்டி. 1999இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டானன்பர்க் இருவரும் தொடங்கியது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். கீபோர்டை இணைத்து, கணினிக்குள் இருக்கும் வாத்திய ஒலிகளை வாசிக்க இது உதவாது. அதற்கு ரீப்பர் போன்ற ஒன்று வேண்டும். ரீப்பரை 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். தனிநபர் உரிமம் 60 டாலர். இணையம் தடையின்றிக் கிடைத்தால் பேண்ட்லேப் உலாவியிலேயே வேலை செய்யும். கராஜ்பேண்ட் நல்லதுதான், ஆனால் ஆப்பிள் கருவிகளில் மட்டும். எல்.எம்.எம்.எஸ். தாளம் அமைக்க ஏற்றது, குரல் பதிவுக்கு அல்ல. நான் இப்போது குரலை ஆடாசிட்டியிலும் பின்னணியை ரீப்பரிலும் செய்கிறேன். ஆடாசிட்டி மட்டும் போதும் என்று தொடங்குகிறவர்கள் எதையும் இழக்கப்போவதில்லை.

மென்பொருளைவிட அறை முக்கியம். நம் வகுப்பறைகளின் சிமெண்டுச் சுவரும் தரையும் குரலை எதிரொலித்துக் குழப்பும். புத்தக அலமாரிகள் நிறைந்த எங்கள் நூலக அறையில், மின்விசிறியை நிறுத்தி, ஒரு சனிக்கிழமை காலையில் பதிவு செய்தோம். சாதாரண யு.எஸ்.பி. மைக், பாடுகிறவரின் வாயிலிருந்து ஒரு முழ தூரத்தில். முதல் ஐந்து விநாடி யாரும் பேசாமல் அறையின் மௌனத்தை மட்டும் பதிவு செய்ய வேண்டும். பின்னால் இரைச்சலைக் குறைக்கும்போது மென்பொருளுக்கு அந்த மௌனம்தான் மாதிரி. குறைப்பதையும் அளவோடு செய்ய வேண்டும். கூடினால் பிள்ளைகள் தண்ணீருக்குள் இருந்து பாடுவதுபோல் கேட்கும்.

முன்பாட்டு மாணவியை மெதுவாகப் பேசித் திரும்ப அழைத்து வந்தோம். மெட்ரோனோம் இல்லை, பின்னணி இல்லை. இரு தோழிகள் எதிரில் நின்று கைத்தட்ட, அவள் முழுப்பாட்டையும் ஒரே மூச்சில் பாடினாள். அதுதான் முதல் தடம். அடுத்து அதை ஒலிக்கவிட்டு மற்றவர்களைப் பாட வைத்தோம். ஸ்பீக்கரில் ஒலித்தால் அந்த ஒலியும் மைக்கில் ஏறிவிடும். ஆகவே குழுவில் ஒருத்திக்கு மட்டும் ஹெட்போன். அவள் கை காட்ட மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஹெட்போன் கம்பியுள்ளதாக இருக்கட்டும். புளூடூத் ஹெட்போனில் ஒலி தாமதமாக வந்து சேரும், பிள்ளைகள் பிந்திப் பாடுவதாக நாம் அவர்களைத் திட்டிக்கொண்டிருப்போம். கம்பி இருந்தாலும் கணினி சிறிது தாமதிக்கும். பதிவான கைத்தட்டைக் கேட்டுக்கொண்டே மறுபடி கைத்தட்டிப் பதிவு செய்து, திரையில் இரண்டு முகடுகளும் எவ்வளவு விலகியுள்ளன என்று பார்த்தால் தெரிந்துவிடும். அந்த அளவுக்கு இரண்டாவது தடத்தை முன்னால் நகர்த்தினால் போதும்.

பின்னணியை வீட்டில், அவர்கள் குரலைக் கேட்டபடியே கையால் வாசித்தேன். தட்டுகளைக் கட்டத்தில் தானாக ஒட்டவைக்கும் வசதியை அணைத்துவிட்டேன். சுருதி திருத்தும் கருவியையும் தொடவில்லை. ஆட்டோ-டியூன் 1997இல் வந்தது. அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டபிராண்ட் அதற்குமுன் எண்ணெய் வளம் தேடும் நிறுவனங்களுக்காக நில அதிர்வலைகளை ஆராய்ந்தவர் (இதை எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் ஒலியைப் பற்றிச் சொல்லும்போது சேர்த்துக்கொள்ளலாம்). அத்தகைய கருவி குரலை அருகிலுள்ள சுரத்தில் கொண்டுபோய் நிறுத்தும். நம் பாட்டில் குரல் சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்லும் இடமே அழகு. அதைப் பிழை என்று கருவி எண்ணிக்கொள்கிறது. சுருதி விலகினால் பிள்ளையை இன்னொரு முறை பாடச் சொல்வதே நல்லது.

கோப்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆடாசிட்டியின் 2021க்கு முந்தைய பதிப்புகளில் வேலைக்கோப்பு தனியாகவும் ஒலி ஒரு கோப்புறையிலும் இருக்கும். கோப்பை மட்டும் எடுத்துப்போனால் பள்ளியில் திறந்ததும் ஒலி இருக்காது. 3.0 பதிப்பிலிருந்து எல்லாம் ஒரே கோப்பு. முடித்த பாட்டின் ஒரு பிரதியை வேவ் வடிவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைத் தட வேவ் நிமிடத்துக்கு 5 எம்.பி.யைச் சற்றுத் தாண்டும், பகிர்வதற்கு எம்.பி.3 எடுத்தால் 128 கே.பி.பி.எஸ். தரத்தில் 1 எம்.பி. அளவுதான். பள்ளிக்கு வெளியே பகிரும்முன் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினோம். பாட்டு யாரிடமிருந்து வந்தது என்பதையும் கோப்பின் விவரத்தில் எழுதினோம்.

சம்மதக் கடிதத்தோடு பதிவையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். பாட்டி கேட்டுவிட்டு, மூன்றாம் கண்ணியில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்று பேத்தியிடம் சொல்லி அனுப்பினார். அந்த வரியை மட்டும் மறுபடி பதிவு செய்து இடையில் சேர்த்தோம். அங்கிருந்து கடைசிவரை தவிலை நான் மறுபடி வாசிக்க வேண்டியதாயிற்று.