விளையாடும்போது மட்டும் அணையும் கணினி

கட்டுரை தட்டெழுதும்போது ஒழுங்காக இயங்கும் கணினி, விளையாட்டைத் திறந்து கால் மணி நேரத்தில் அணைந்துபோனால் பழுது எங்கே? தம்பியின் கணினி இப்படித்தான் செய்தது. திருத்தும் கடையில் கிராபிக்ஸ் கார்டை மாற்றச் சொன்னார்கள். விலையைக் கேட்ட வாப்பா பேசாமல் இருந்தார். சோதித்துவிட்டு முடிவெடுப்போம் என்றேன்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் 41 என்ற இலக்கம் இருந்தது. அதைக் கண்டு பலர் பதறுவார்கள். கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை.

அடுத்து வெப்பம். கார்டும் முறைவழியாக்கியும் 75 பாகை செல்சியஸைத் தாண்டவில்லை. அதிகம் சூடேறினாலும் அவை முதலில் வேகத்தைத்தான் குறைத்துக்கொள்ளும்.

பிறகு சுமை கொடுக்கும் மென்பொருளால் முறைவழியாக்கியைத் தனியே சோதித்தேன், தாங்கியது. கார்டும் தனியே தாங்கியது. இரண்டுக்கும் ஒன்றாகச் சுமை கொடுத்தபோது 2 நிமிடத்தில் அணைந்தது! விளையாட்டும் இரண்டிடமும் ஒரே நேரத்தில்தான் வேலை வாங்குகிறது. அப்போது மின்தேவை கணத்தில் எகிறும். தளர்ந்துபோன வலு வழங்கி அதைத் தாங்காமல் அணைந்துவிடும். (அதன் பெட்டியை மட்டும் திறந்துவிடாதீர்கள். செருகியைக் கழற்றிய பின்னும் உள்ளேயுள்ள கொள்ளளவிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.)

மாமாவின் கணினியிலிருந்து 650 வாற்று வலு வழங்கியை இரவல் வாங்கினோம், அதற்குரிய கேபிள்களோடு. வேறு வலு வழங்கியின் கேபிள் செருகப் பொருந்தினாலும் உள்ளிணைப்பு மாறியிருந்தால் பாகங்கள் கருகிவிடும்.

அன்று தம்பி 3 மணி நேரம் விளையாடினான். பழைய கார்ட் இன்னும் அதே கணினியில்தான் இருக்கிறது.