நாலு பேருக்கு மூணு வேலை

"எல்லாமே தொண்ணூறு சதவீதம் முடிஞ்சிருச்சு மேம்." முதல் ப்ராஜெக்ட் ரிவ்யூவில் எங்கள் டீம் சொன்னது இதுதான். நாலு பேர், கையில் 12 வேலை. கோட் பாதி, சர்க்யூட் பாதி, ரிப்போர்ட் பாதி. ஓட்டிக் காட்ட ஒண்ணுகூட இல்லை. இத்தனைக்கும் யாரும் சும்மா இருக்கவில்லை!

அப்போதுதான் கான்பான் பற்றிப் படித்தோம். ஜப்பானிய மொழியில் இதற்குப் பலகை என்று பொருள். டொயோட்டா தொழிற்சாலையில் இதைக் கொண்டுவந்தவர் தாய்ச்சி ஓனோ. சூப்பர் மார்க்கெட்டில் பொருள் விற்ற பிறகுதானே அலமாரியை நிரப்புகிறார்கள்? அதேபோல, அடுத்த பிரிவிலிருந்து அட்டை வந்தால் மட்டுமே முந்தைய பிரிவு பாகம் செய்யும். அட்டைகள் எத்தனையோ அத்தனைக்குத்தான் பாகங்கள் தேங்கும்.

இன்றைக்கு நிறைய டீம்கள் 'செய்யணும், செய்றோம், முடிஞ்சது' என்று மூணு கட்டம் போட்டு, நோட் ஒட்டுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். முக்கியமான விஷயம் நடுக் கட்டத்துக்கு ஒரு உச்ச வரம்பு வைப்பது.

ஏன்? 1961இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி இருக்கிறது. வேலை வருவதும் முடிவதும் சமமாகப் போனால்:

ஒரு வேலைக்கு ஆகும் சராசரி நேரம் = கையில் இருக்கும் வேலை ÷ வாரத்தில் முடியும் வேலை

12 வேலை கையில், வாரத்துக்கு 3 முடிகிறது என்றால், ஒவ்வொன்றுக்கும் 4 வாரம். வேகம் அதே 3தான், ஆனால் கையில் 3 மட்டும் என்றால், 1 வாரம்!

நாங்கள் சார்ட் பேப்பரில் எழுதிய விதிகள்:

1. நடுக் கட்டத்தில் 3 நோட்டுக்கு மேல் கூடாது.
2. 'முடிஞ்சது' என்றால் இன்னொருத்தர் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.
3. சிக்கிய வேலைக்குச் சிவப்புப் புள்ளி. தினமும் 10 நிமிடம் நின்றபடியே அதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

நாலு பேருக்கு மூணு வேலை என்றால் ஒருத்தர் சும்மா இருப்பாரே? முதல் வாரம் எங்களுக்கும் உறுத்தியது. கையில் வேலை இல்லாத நண்பன், சிவப்புப் புள்ளி விழுந்திருந்த சர்க்யூட் பக்கம் போய் உட்கார்ந்தான். ரெண்டு வாரமாகச் சென்சார் தப்பாகக் காட்டியதற்குக் காரணம் ஒரு லூஸ் கிரவுண்ட் ஒயர். அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தான். புது வேலை எடுக்க இடம் இல்லாததால்தான் அவன் அங்கே போனான்.

ரெண்டாவது ரிவ்யூவில் அஞ்சு விஷயம்தான் காட்டினோம். அஞ்சும் ஓடுச்சு.

ஜூனியர்ஸ், புது வேலை ஆரம்பிக்கும் முன் போர்டைப் பாருங்க. பாதியில் நிற்கிற வேலை இருந்தா, முதல்ல அதுக்குக் கை கொடுங்க.