சானடோரியத்தில் தொடங்கு

திருநீர்மலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. முழங்கால் பேச்சுக் கேட்பதில்லை. மலைப்படி ஏறுவதை வாரம் ஒருநாளாகக் குறைத்துவிட்டேன்.

எட்டாம் வகுப்புக்கென்று நீ தயாரித்த லத்தீன் வேர்ச்சொல் பட்டியலை உன் அப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். 120 வேர்கள்! உழைப்பு தெரிகிறது. ஆனால் அதை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடாதே. ஆங்கிலச் சொற்களை உருப்போட்டே களைத்த பிள்ளைகள் இனி வேர்களையும் சேர்த்து உருப்போட வேண்டியிருக்கும்.

அவர்கள் வாயில் ஏற்கெனவே புழங்கும் சொல்லை முதலில் எடு. உன் மாணவர்களில் பலர் தினமும் மின்சார ரயிலில் தாம்பரம் சானடோரியத்தைத் தாண்டித்தான் வருகிறார்கள். அதென்ன பெயர் என்று கேட்டுப் பார், விழிப்பார்கள். 1928இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக அங்கே ஒரு சானடோரியம் தொடங்கினார். பிறகு அது அரசு ஆஸ்பத்திரியாகிவிட்டது. பழைய பெயரை ஸ்டேஷன் வைத்துக்கொண்டது. லத்தீனில் 'சனாரே' என்றால் குணப்படுத்துதல். இதைச் சொல்லிவிட்டு, கொரோனா காலத்தில் கையில் எதைத் தேய்த்துக்கொண்டோம் என்று கேள். சானிட்டைசர் என்று வகுப்பே கத்தும். 'ஓரியம்' இடத்தைக் காட்டும் விகுதி என்றால் ஆடிட்டோரியமும் புரிந்துவிடும்: கேட்கும் இடம். அப்படியானால் ஆடிட்டர் எதைக் கேட்கிறார் என்று ஒரு குறும்பன் எழுவான். அந்தக் காலத்தில் கணக்கை உரக்க வாசிப்பார்கள், அவர் உட்கார்ந்து கேட்பார் என்று சொல்.

விகுதி என்றேனே, அதைத்தான் நீ மறந்துவிட்டாய். 'நடந்தான்' என்பதை நட, த், த், ஆன் என்று பிரித்து, சந்தி 'ந்' ஆனது விகாரம் என்று எழுதி மதிப்பெண் வாங்குகிற பிள்ளைகள் அவர்கள். தமிழ் ஐயா சொல்லிக்கொடுத்த பகுபத உறுப்பிலக்கணத்தை உன் பீரியடுக்கும் இழுத்து வா. எக்ஸ்போர்ட்டைப் பிரிக்கச் சொல். எக்ஸ் என்றால் வெளியே, போர்ட் என்றால் சுமத்தல். ஏற்றுமதி மண்டலமான மெப்ஸில் உள்ள கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகளுக்கு இதற்கு உரை வேண்டாம். நாம் பின்னால் ஒட்டுகிறோம், லத்தீன்காரன் முன்னாலும் ஒட்டுகிறான், அவ்வளவுதான். நம் இலக்கணமும் லத்தீனும் அந்நியமல்ல. வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் எழுதிய இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது.

எச்சரிக்கை ஒன்று. நம் மொட்டைமாடிக்கு மேலே இறங்குகிறதே விமானம், அந்த ஏர்போர்ட்டில் உள்ள 'போர்ட்' சுமத்தல் அல்ல, துறைமுகம். இப்படி ஒரே மாதிரி ஒலிக்கும் வேர்களில் நானே வகுப்பில் வழுக்கியிருக்கிறேன். 'பெட்' என்றால் பாதம், பெடல், பெடஸ்ட்ரியன் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அப்படியானால் பீடியாட்ரிஷியன் கால் டாக்டரா சார் என்று கடைசி பெஞ்சுப் பையன் கேட்டான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். அவன் கேட்டது நியாயமான கேள்வி. அந்தச் சொல் குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து வந்தது என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஆண்டு முழுக்க அவன் வேறு கேள்வியே கேட்கவில்லை.

நம் ஊரிலேயே உனக்கு ஒரு பாடம் இருக்கிறது. அடிவாரத்தில் நீர்வண்ணர் நிற்கிறார். மலைமேல் நரசிம்மர் அமர்ந்திருக்கிறார், ரங்கநாதர் கிடக்கிறார், உலகளந்தவர் நடக்கிறார். நாலு கோலத்துக்கும் லத்தீனில் நாலு வினை. நிற்பது 'ஸ்டாரே': ஸ்டேஷன், ஸ்டேச்யூ. அமர்வது 'செடேரே': செஷன், முன்னே அமர்ந்தவர் பிரசிடென்ட். கிடப்பது 'குபாரே': கோழி முட்டைமேல் கிடப்பதைப்போல வேலை செய்யும் இன்குபேட்டர். நடப்பது 'ஆம்புலாரே': போர்ப்படையின் பின்னே போன நடமாடும் ஆஸ்பத்திரிதான் முதலில் ஆம்புலன்ஸ், பிறகுதான் வண்டி. இந்த நாலு ஒரு வாரத்துக்குப் போதும்.

ஞாயிற்றுக்கிழமை பட்டியலோடு வா, சிவப்புப் பேனா என்னிடம் இருக்கிறது. உன் பெரியம்மா புளியோதரை செய்கிறாளாம். சாப்பிட்டுவிட்டு அந்த 120இல் 100ஐ அடித்துவிடுவோம்.

அன்புடன்,
பெரியப்பா