சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை: கிளிநொச்சியில் இருந்தே ஆயத்தமாகலாமா?

கேள்வி: உயர்தரம் கலைப்பிரிவில் சித்தியடைந்துள்ளேன். இலங்கைச் சட்டக் கல்லூரியில் சேர விருப்பம். எங்கள் ஊரில் இதற்கு ரியூசன் வகுப்பு இல்லை. என்ன செய்வது?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, வகுப்பு இல்லையென்று விருப்பத்தைக் கைவிடாதீர்கள். இந்தப் பரீட்சை சட்ட அறிவைச் சோதிப்பதில்லை. ஒரு வினாத்தாள் மொழித்திறனையும், மற்றது பொது அறிவையும் நுண்ணறிவையும் பார்க்கும். தமிழிலேயே எழுதலாம். தகைமைகளை இவ்வாண்டு வர்த்தமானி அறிவித்தலில் சரிபாருங்கள்.

மொழிக்கு, தினமும் ஒரு பத்திரிகைத் தலையங்கத்தை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதுங்கள். நுண்ணறிவுக்கு, கடந்தகால வினாத்தாள்களை மணிக்கூடு வைத்துச் செய்யுங்கள். பிழைத்த வினாக்களைத் தனிக் கொப்பியில் எழுதி, அடுத்த கிழமை மீண்டும் செய்யுங்கள். பொது அறிவுக்கு, 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயம், 1987இன் 13ஆவது திருத்தம், நீதிமன்றங்களின் படிநிலை ஆகியவற்றைத் தெளிவாக அறிந்திருங்கள். பொதுவாக நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமானவை. கிளிநொச்சி நீதிமன்றத்தில் ஒருநாள் இருந்து பாருங்கள்.

ஆங்கிலத்தையும் இன்றே தொடங்குங்கள். சட்டக் கல்லூரியை ஆங்கில மொழிமூலம் மட்டுமாக்கும் ஒழுங்குவிதியை 2023இல் பாராளுமன்றம் நிராகரித்தது. ஆனாலும் மேன்முறையீட்டுத் தீர்ப்புகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே உள்ளன.

திறந்த பல்கலைக்கழகச் சட்டமாணிக் கற்கைக்கும் விண்ணப்பியுங்கள். காணி வழக்குகளும் கொக்குத்தொடுவாய் மனிதப் புதைகுழி வழக்கும் நடக்கும் வடக்கு மண்ணுக்கு, மக்களின் மொழியில் பேசும் சட்டத்தரணிகள் வேண்டும். துணிந்து எழுதுங்கள்.