மனையில் பணம் போடும் முன்

வளைகுடாவில் சேர்த்த பணத்தை மனைத் திட்டத்தில் போடலாமா என்று சகோதரர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். "லட்சத்துக்கு மாதம் மூவாயிரம் நிச்சயம், முதலுக்கும் உத்தரவாதம்" என்றால் அது வட்டிதான். நோட்டீஸில் 'ஹலால் முதலீடு' என்று அச்சடித்திருந்தாலும் சரி. முளாரபாவில் லாப விகிதத்தை மட்டுமே முன்கூட்டிப் பேசுவோம். நஷ்டம் வந்தால் பணம் போட்டவருக்கு முதல் போகும், உழைத்தவருக்கு உழைப்பு போகும்.

மனை வாங்குவதாயின் 30 வருட வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், பட்டா மூன்றையும் பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவு என்றால் ரெரா பதிவு எண் கேளுங்கள். வக்ஃப் நிலமா என்று வாரியத்திலும் விசாரியுங்கள். பங்காளி சொந்த மச்சானே ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள். கடனை எழுதச் சொல்லும் அல்பகரா 282ஆம் வசனம் உறவினருக்கு விலக்குத் தரவில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன் நகல்களை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம்.