சின்னக் கடலுக்கு ஒரு சுண்ணாம்புக் கணக்கு

வெற்றிலை போடும் பெரியவர்கள் உள்ள வீட்டில் சுண்ணாம்பு டப்பாவைப் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்புத் தெளிநீரில் குழலை வைத்து ஊதியதும் அது பால்போல் கலங்கியதையும் பார்த்திருப்பீர்கள். இந்த இரண்டும் நினைவில் இருந்தால் இன்றைய பாடம் சுலபம்.

கடலே இல்லாத தில்லியில்கூட நம் வீடுகள் சிலவற்றில் உப்புநீர் மீன் தொட்டி வந்துவிட்டது. கடைப்பொடியைக் கரைத்துக் கடல்நீர் செய்கிறார்கள். கல் அடுக்கி, சிறிய பவளத்திட்டு போல அழகு செய்கிறார்கள். சில மாதங்களில் ஒரு குறை எழுகிறது. "மீன் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்லின் மேல் படர்ந்த இளஞ்சிவப்புப் பாசி வெளுத்துப்போகிறது. நத்தையின் ஓடு அரித்தாற்போல் இருக்கிறது. ஏன்?" பெரும்பாலும் இதற்குக் காரணம் தண்ணீரில் காரத்தன்மையோ, கால்சியமோ, இரண்டுமோ குறைந்திருப்பதுதான்.

முதலில் ஓர் எச்சரிக்கை

திட்டு கட்டும் கல் பவளங்கள், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவை 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் (1972) முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலி இருப்பதும் அதே அட்டவணையில்தான். ஆகவே கடைக்காரர் எவ்வளவு ஆசை காட்டினாலும் இவற்றை வாங்கக் கூடாது. பீங்கான் கல்லோ சாதாரணச் சுண்ணாம்புக் கல்லோ போதும்.

இந்தச் சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதை மன்னார் வளைகுடா சொல்லும். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. அங்கே ஒரு காலத்தில் பவளப் பாறையை வெட்டி எடுத்துச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். அந்தத் தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. அரணாக நின்ற பாறையை வெட்டியது இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. பவளம் பல நூறு ஆண்டுகள் துளித்துளியாகச் சேர்த்ததை நாம் ஒரே நாளில் சுட்டுவிட்டோம். அது எப்படிச் சேர்த்தது என்பதே நம் பாடம்.

ஓடு எப்படி உருவாகிறது?

கடல்நீரில் கால்சியம் கரைந்திருக்கிறது. பைகார்பனேட் என்னும் பொருளும் கரைந்திருக்கிறது. இந்த இரண்டையும் எடுத்து இணைத்துத்தான் பவளமும், நத்தையும், இளஞ்சிவப்புப் பாசியும் கால்சியம் கார்பனேட் என்னும் கல்லைச் செய்துகொள்கின்றன. நாம் 'காரத்தன்மை' என்று அளப்பது பெரும்பாலும் இந்தப் பைகார்பனேட்டையும் அதன் உறவான கார்பனேட்டையும்தான். பி.எச். என்பது வேறு அளவு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். காரத்தன்மை வங்கியில் உள்ள சேமிப்பு மாதிரி. அது இருக்கும்வரை பி.எச். சட்டென்று விழாது.

இயற்கைக் கடல்நீரில் லிட்டருக்குக் கால்சியம் சுமார் 420 மில்லிகிராம். காரத்தன்மை சுமார் 7 டி.கே.எச். நம் தொட்டியில் கால்சியம் 380 முதல் 450 வரையும், காரத்தன்மை 7 முதல் 10 வரையும் இருக்கலாம்.

இப்போது முக்கியமான கணக்கு. ஓடு கட்டுவதற்குக் கால்சியம் 20 மில்லிகிராம் செலவானால், காரத்தன்மை 2.8 டி.கே.எச். குறையும். 420-இல் 20 போனால் 5 சதவீதம்தான், கண்ணுக்கே தெரியாது. 7-இல் 2.8 போனால் 40 சதவீதம் காலி! ஆகவே வாரந்தோறும் தவறாமல் பார்க்க வேண்டியது காரத்தன்மையை. கால்சியத்தை மாதம் இருமுறை பார்த்தால் போதும்.

இரண்டு விதமான குறைவு

வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், சோதனைப் பெட்டியின் சொட்டுகளை எண்ணி, நோட்டில் தேதியோடு எழுதி வாருங்கள். எண்கள் இரண்டில் ஒரு கதையைச் சொல்லும்.

காரத்தன்மை மட்டும் குறைந்து கால்சியம் அப்படியே இருந்தால், செலவழித்தது ஓடு அல்ல. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நுண்ணுயிரிகள் நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அது சேமிப்பைத் தின்கிறது. முதலில் தீனியைக் குறைத்து, தண்ணீர் மாற்ற வேண்டும். பிறகுதான் மருந்து.

இரண்டும் சேர்ந்து, 20-க்கு 2.8 என்ற கணக்கில் குறைந்தால், உயிர்கள் ஓடு கட்டுகின்றன என்று பொருள். இது நல்ல செய்தி. செலவை மட்டும் ஈடுகட்ட வேண்டும்.

ஈடுகட்டும் முறைகள்

1. தண்ணீர் மாற்றுதல்: சிறிய தொட்டிக்கு இதுவே முதல் மருந்து. வாரம் பத்தில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டுப் புதிய உப்புநீர் விடுங்கள். பல தொட்டிகளுக்கு வேறு எதுவும் தேவைப்படாது.

2. சமையல் சோடா: காரத்தன்மை மட்டும் குறைந்தால் இது. ஒரு லிட்டருக்கு 1 டி.கே.எச். கூட்ட 30 மில்லிகிராம் வேண்டும். 50 லிட்டர் நீருக்கு ஒன்றரை கிராம். கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர் வேறு பொருள். அதைப் போடக் கூடாது.

3. கால்சியம் குளோரைடு: கால்சியம் மட்டும் குறைந்தால் இது. இரண்டு நீர் மூலக்கூறு கொண்ட வகையில், 50 லிட்டரில் 20 மில்லிகிராம் கூட்ட சுமார் 3.7 கிராம்.

சோடாவையும் இதையும் ஒருசேர ஊற்றவே கூடாது. அவசரத்தில் நானே ஒருமுறை ஊற்றியிருக்கிறேன். தொட்டி மோர்போல் வெளுத்தது. சேர்த்த இரண்டும் வீழ்படிவாகி அடியில் தங்கின. மறுநாள் அளந்தால் முன்பைவிடக் குறைவு. தனித்தனியாகக் கரைத்து, சில மணி நேர இடைவெளி விட்டு, நீரோட்டம் உள்ள இடத்தில் மெல்ல விடுங்கள். காரத்தன்மையை ஒரு நாளில் 1 டி.கே.எச்.சுக்கு மேல் உயர்த்த வேண்டாம்.

4. சுண்ணாம்புத் தெளிநீர்: இரண்டும் சேர்ந்து குறையும் தொட்டிக்கு இதுவே உகந்தது. ஜெர்மானியர்கள் 'கால்க்வாசர்' என்பார்கள். சுண்ணாம்பு நீர் என்றுதான் அதற்கும் பொருள். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம், அதில் வேறு சேர்க்கைகள் இருக்கலாம். தூய கால்சியம் ஹைட்ராக்சைடு 2 கிராமை ஒரு லிட்டர் ஆர்.ஓ. நீரில் குலுக்கி, மூடி, தெளிய விடுங்கள். மேலே உள்ள தெளிவை மட்டும் எடுங்கள். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயு பட்டு ஏடு படியும். பள்ளியில் ஊதிப் பார்த்த அதே சோதனைதான்!

தொட்டியில் ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு ஆவியாகாது. ஆகவே குறையும் நீருக்கு நல்ல நீரையே விட வேண்டும். அந்த நீரோடு தெளிநீரைச் சேர்த்து விடலாம். 50 லிட்டரில் அரை லிட்டர் தெளிநீர் விட்டால் காரத்தன்மை சுமார் 1.1, கால்சியம் சுமார் 8 கூடும். இதன் பி.எச். 12-க்கு மேல். குளுக்கோஸ் ஏற்றுவது போலச் சொட்டுச் சொட்டாக, பி.எச். தாழ்ந்திருக்கும் இரவு வேளையில் விட வேண்டும். கண்ணில் பட்டால் பெரும் ஆபத்து. குழந்தைகள் அளக்கட்டும், எழுதட்டும்; பாட்டிலைப் பெரியவர்களே கையாள வேண்டும்.

எவ்வளவு சேர்த்தும் இரண்டும் நிற்காமல் வீழ்படிவானால் மக்னீசியத்தைப் பாருங்கள். அது லிட்டருக்கு 1,300 மில்லிகிராம் அளவில் இருந்தால்தான் கால்சியம் கல்லாகாமல் கரைந்து நிற்கும்.

வீட்டுப் பயிற்சி

தொட்டி 60 செ.மீ. நீளம், 30 அகலம், நீர் மட்டம் 35. கொள்ளளவு 63 லிட்டர். கல்லும் மணலும் 13 லிட்டர் இடத்தை அடைத்தால் நீர் 50 லிட்டர்.

அ) ஒரு வாரத்தில் காரத்தன்மை 8-லிருந்து 6.6 ஆனது, கால்சியம் 420-லேயே நிற்கிறது. என்ன செய்வீர்கள்?

ஆ) காரத்தன்மை 8-லிருந்து 5.2, கால்சியம் 420-லிருந்து 400. இனி நாள்தோறும் எவ்வளவு தெளிநீர்?

விடை: அ) தீனியைக் குறைத்து, நீர் மாற்றி, மீண்டும் அளக்க வேண்டும். அப்போதும் 1.4 குறைவாகவே இருந்தால் சோடா 2.1 கிராம், இரண்டு நாளாகப் பிரித்து. ஆ) குறைந்ததை முதலில் மெல்லச் சரிசெய்ய வேண்டும். பிறகு நாள் செலவு 0.4 டி.கே.எச். ஆகையால் சுமார் 180 மி.லி. தெளிநீர் போதும்.

விடுமுறைக்கு ஊர்ப்பக்கம் போகும்போது பிள்ளைகளை மன்னார் வளைகுடாக் கரைக்கும் அழைத்துச் செல்லுங்கள். 50 லிட்டரைச் சமன்செய்ய நாம் இத்தனை கணக்குப் போடுகிறோம். அந்தக் கடல் யாரும் சொட்டு எண்ணாமலே அதைச் செய்துவருகிறது என்பதை அங்கே நின்று பார்த்தால் அவர்களுக்குப் புரியும்.