கணிப்பொறிக் கணக்கும் அங்கத்தினர் கடமையும்

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைக் கணிப்பொறியில் ஏற்றும் திட்டத்திற்கு 2022 ஜூன் மாதத்தில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் அளித்தது. சுமார் 63,000 சங்கங்களுக்கென 2,516 கோடி ரூபாய் மதிப்பிடப்பட்டது. பேரேடு போய்க் கணிப்பொறி வந்தால் பிழையும் போய்விடும் என்று அங்கத்தினர் சிலர் எண்ணலாம். அது சரியன்று. தவறாகப் பதிந்ததைக் கணிப்பொறி தவறாகவே காத்து வைக்கும். ஆதலால் பதியும்போதே பிழையைத் தடுக்கும் சரிபார்ப்பு விதிகளை அதனுள் அமைத்தல் வேண்டும்.

முதலாவது, நிலப்பரப்பு. பொள்ளாச்சி விவசாயி ஒருவருடைய 2 ஏக்கர் 5 சென்ட் நிலத்தை 2.5 ஏக்கர் என்று பதிந்தால், அது 2 ஏக்கர் 50 சென்ட் ஆகிவிடும். இல்லாத 45 சென்ட் நிலம் ஏட்டில் முளைக்கும். பயிர்க்கடன் தொகையும் அதற்கேற்பப் பிசகும். ஏக்கருக்கு ஒரு கட்டமும் சென்ட்டுக்கு ஒரு கட்டமும் வைத்து, சென்ட் 99-க்கு மேற்பட்டால் ஏற்கலாகாது என்று விதித்தால் இக்குழப்பம் நீங்கும்.

இரண்டாவது, நூல். சென்னிமலை நெசவாளருக்கு வழங்கும் நூலின் நம்பரைக் கையால் பதியாமல், சங்கத்தில் இருப்புள்ள நம்பர்களின் பட்டியலிலிருந்து தெரிந்தெடுக்கச் செய்தல் நன்று. 40-ஆம் நம்பர் தவறியும் 400 ஆகாது. இருப்புக்கு மேல் நூல் வழங்கியதாகப் பதியவும் விடலாகாது.

மூன்றாவது, கூலி சேரும் வங்கிக் கணக்கு. ஐ.எப்.எஸ்.சி. குறியீட்டில் எழுத்தும் எண்ணுமாக 11 இடங்கள் உண்டு. ஐந்தாவது இடம் பூஜ்யம். அங்கே ஆங்கில ‘ஓ’ எழுத்து விழுந்தால் தடுக்க வேண்டும். கணக்கு எண்ணை இருமுறை பதியச் செய்து, இரண்டும் ஒத்தாலன்றி ஏற்கலாகாது. ஆதாரின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம், முன்னுள்ள 11 இலக்கங்களைக் கொண்டு கணக்கிடப்படும் காவல் இலக்கமாகும். டச்சுக் கணித அறிஞர் வெர்ஹோப் 1969-இல் வெளியிட்ட முறை இது. ஓர் இலக்கம் மாறினாலும், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் பிழை வெளிப்பட்டுவிடும்.

நிற்க. விதி அளவுக்கு மிஞ்சி இறுகினால் பொய் நுழையும். கைபேசி எண் கட்டாயம் என்றால், கைபேசியில்லாத மூதாட்டிக்குக் குமாஸ்தா ஏதேனும் பத்து இலக்கங்களை இட்டு நிரப்புவார். ‘இல்லை’ என்று பதியவும் இடம் வேண்டும்.

மேலும், விதிக்கு உருவம் தெரியுமேயன்றி உண்மை தெரியாது. 50 சென்ட்டை 15 என்று பதிந்தால் எவ்விதியும் தடுக்காது. அதை அறிந்தவர் நிலத்துக்கு உடையவரே. ஆகவே அங்கத்தினர்கள் ரசீதை வாசித்துப் பார்த்து, வாசிக்க இயலாதோர் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, அதன் பின்னரே கையொப்பமிடுவார்களாக.